ஹெரால்டு இக்னிஷன் சாவி திரும்பவில்லை: பூட்டை மாற்றுவதா, சரிசெய்வதா?

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டது:

"1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், நாலு கதவு. சாவியைப் போட்டால் பத்துத் தடவையில் ஒரு தடவைதான் திரும்புகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவி எடுத்துவிடலாம், எஞ்சின் பாட்டுக்கு ஓடுகிறது. எலக்ட்ரீசியன், பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு டிராக்டர் சுவிட்ச் மாட்டிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்கிறார். மாட்டலாமா?"

4 ஜூன், இரவு

மாட்டாதீர்கள். டிராக்டர் சுவிட்ச் சாவி ஒன்றை வைத்துப் பல வண்டிகளைக் கிளப்பலாம். அதுகூடப் பரவாயில்லை. டாஷ்போர்டில் உள்ள துளை அதன் அளவுக்கு ஒத்துவராமல் போனால், பெரிதாக்கத் துளைபோடுவார்கள். வண்டலூரில் 1971-உடன் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. அந்த டாஷ்போர்டை இனி யார் செய்து தருவார்?

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுமே என் வண்டியிலும் உண்டு. அப்பா ஓட்டிய ஹெரால்டு, அதுவும் நாலு கதவுதான். நாலு கதவு ஹெரால்டை இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள் என்பதை இங்கே பலரும் அறிவீர்கள். ஒரு வருஷமாகச் சாவியை ஆட்டி ஆட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் நானும் கழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். சாவி நுழையும் உருளையை, அதாவது பேரலை, குறுக்கே வெட்டி மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகியிருப்பார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மயிரிழை போன்ற ஸ்பிரிங். தகட்டின் நடுவே ஒரு சதுர ஜன்னல், அதன் வழியாகத்தான் சாவி போகிறது. ஜன்னலின் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் பேரலின் மேற்பரப்போடு சமமாகிவிடும், பேரல் திரும்பும். ஒரு தகடு நகக்கண் அளவு துருத்தினாலும் வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், திரும்பாது.

50 வருஷத்தில் சாவியின் பல்லும் தேய்கிறது, ஜன்னலின் விளிம்பும் தேய்கிறது. தகடுகள் மட்டத்துக்கு வராததால் சாவி திரும்புவதில்லை. திரும்பிய பிறகு சாவியைப் பிடித்து வைக்க வேண்டியவையும் அதே தகடுகள்தான். பிடி போய்விட்டதால் ஓடும்போது சாவி உருவிக்கொண்டு வருகிறது. இரண்டும் ஒரே வியாதி.

அதனால், தேய்ந்த சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து டூப்ளிகேட் போடாதீர்கள். மெஷின் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுக்கும். என்னிடம் மூன்று சாவிகள் இருக்கின்றன. முதல் சாவியின் நகல் இரண்டாவது, இரண்டாவதன் நகல் மூன்றாவது. மூன்றாவது சாவி எந்தப் பூட்டையும் திறக்காது.

5 ஜூன், காலை

முக்கியமான ஒன்றை நேற்றுச் சொல்ல விட்டுவிட்டேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். எர்த் கேபிளை முதலில். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கருப்பு கேபிள்தான் எர்த்தாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கழற்றாதீர்கள், பாடிக்குப் போகும் கேபிள் எது என்று பாருங்கள்.

இக்னிஷன் சுவிட்ச்சுக்கு வரும் பிரவுன் வயரில் ஃபியூஸ் கிடையாது. பேட்டரியிலிருந்து நேரே வருகிறது, சாவி ஆஃபில் இருந்தாலும் உயிரோடுதான் இருக்கும். முன்பு ஒருமுறை ஸ்பேனர் அந்த முனையிலும் டாஷ்போர்டு இரும்பிலும் சேர்ந்து பட்டது. ஸ்பேனர் ஒட்டிக்கொண்டது, பத்து விநாடியில் வயர் மேலிருந்த ரப்பர் உருகிச் சொட்டியது. பானெட்டைத் தூக்கிப் பேட்டரியைப் பிடுங்க ஓடிய ஓட்டம் இன்னும் நினைவிருக்கிறது.

7 ஜூன்

கழற்றிவிட்டேன்.

முகப்பில் காடிகள் வெட்டிய ஒரு வளையம், அதுதான் சுவிட்ச்சை டாஷ்போர்டில் பிடித்திருக்கிறது. நோஸ் பிளையர் மூக்கில் துணி சுற்றித் திருகினேன், குரோம் உரியாமல் வந்துவிட்டது. சுவிட்ச்சைப் பின்பக்கமாக எடுத்து, வயர்களுக்குச் சீட்டு ஒட்டினேன். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் முறைப்படி பிரவுன் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஸ்டார்ட்டர். ஆனால் இத்தனை வருஷத்தில் யார் யாரோ வயரிங் செய்திருப்பார்கள். நிறத்தை நம்பாமல் எந்த முனையில் எந்த வயர் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் ஸ்டார்ட்டர் வயர் பச்சை.

அடுத்தது பேரலை வெளியே எடுப்பது. சுவிட்ச் உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் ஸ்பிரிங் வைத்த முளை ஒன்று பேரலைப் பிடித்திருக்கிறது. கம்பியால் அதை அமுக்கிக்கொண்டே சாவியோடு இழுத்தால் பேரல் வந்துவிடும். சாவி ஆஃபில் இருக்கும்போது அரை மணி நேரம் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. ஆன் நிலைக்குத் திருப்பினால்தான் முளை துளைக்கு நேரே வருகிறது.

சாவியே திரும்பாதபோது ஆனுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பீர்கள். சாவியை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு ஒரு நூல் அளவு பின்னால் இழுங்கள். லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். தேய்ந்த பல் இடம் மாறித் தகட்டைச் சரியான உயரத்தில் தாங்கும். எனக்கு இருபது முறைக்குள் திரும்பியது. பலம் கொடுத்துத் திருகினால் சாவி உள்ளேயே முறியும்.

7 ஜூன், இரவு

பேரலைச் சாவியோடு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வாய்ப்பக்கம் இருக்கும் முதல் இரண்டு தகடுகள் நன்றாகத் துருத்துகின்றன, கடைசித் தகடு ஏதோ மட்டத்தில் நிற்கிறது. யோசித்தால் நியாயம்தான். வாயருகே உள்ள தகட்டை, ஒவ்வொரு முறையும் சாவி முழுநீளமும் உரசிக்கொண்டு போகிறது. கடைசித் தகட்டைத் தொடுவது சாவியின் நுனி மட்டும். சாவியில் பார்த்தால் அப்படியே தலைகீழ். எல்லாத் தகடுகளையும் கடந்து போவதால் நுனிப் பல்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

துருத்தும் இரண்டையும் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். நாளைக்குச் செய்து பார்க்கிறேன்.

8 ஜூன்

நேற்றுக் கடைசியாக எழுதியதைச் செய்யாதீர்கள். நானும் செய்யவில்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "துருத்துற தகட்டைத் தேய்ச்சா உங்க சாவிக்குத் திரும்பும்ணே. அப்புறம் எங்க வீட்டு பீரோ சாவிக்கும் திரும்பும்." சிரித்துவிட்டேன், ஆனால் அவர் சொல்வது முழு உண்மை. துருத்தாத தகடு பூட்டில் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. தேய்த்த பித்தளை திரும்ப வளராது. மெக்கானிக்குகள் அவசரத்துக்கு இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். கோளாறு சாவியில் எவ்வளவு, தகட்டில் எவ்வளவு என்று தெரியும்வரை அரம் தகட்டைத் தொடக் கூடாது.

11 ஜூன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தன் மோரிஸ் மைனரைப் பற்றி எழுதியிருக்கிறார். "அண்ணை, என்ர காருக்கு வயசு உங்கட காரை விடக் கூட. இக்னிஷன் திறப்பு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு" என்கிறார். திறப்பு என்றால் அங்கே சாவி.

இதை நான் யோசிக்கவே இல்லை. பழைய மைனரில் திறப்பு இக்னிஷனுக்கு மட்டும்தான். ஸ்டார்ட்டருக்கு 'எஸ்' எழுத்துப் போட்ட இழுகுமிழ் தனியாக இருக்கும், பக்கத்தில் சோக்குக்கு 'சி'. திறப்பை ஒரு படி திருப்பி விட்டுவிட வேண்டியதுதான், ஸ்பிரிங்கை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை இல்லை. நம் ஹெரால்டில் குளிர்காலக் காலையில் எஞ்சின் பிடிக்கும்வரை சாவியைத்தான் முறுக்கிப் பிடிக்கிறோம். அத்தனை பாரமும் அந்தப் பித்தளை விளிம்புகளில் இறங்குகிறது.

அப்போ 4-ஆம் தேதி நான் சொன்னது பாதிதான் சரி. உள்ளே வெளியே போய்வந்து தேய்வது ஒன்று, முறுக்கித் தேய்வது இன்னொன்று. பேரலைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். தகடு உட்காரும் வெட்டுகளின் ஒரு பக்க விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கிறது, ஸ்டார்ட்டர் திசையில். பேரல் துத்தநாக வார்ப்பு, பித்தளையைவிட மெத்து. இதற்கு வைத்தியம் கிடையாது, இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். தொண்ணூறுகளில் பெட்ரோல் வராத காலத்தில் இந்தக் கார்களை அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்புவார்கள், சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நின்றுவிட்டால் திரும்பக் கிளப்பும் பெட்ரோலுக்கு எங்கே போவது என்று, சந்தையில் சாமான் வாங்கி வரும்வரை எஞ்சினை ஓடவே விடுவார்களாம். பூட்டுக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை.

12 ஜூன்

கொத்துச்சாவி. வீட்டுச் சாவி, கேட் சாவி, அலுவலகச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் ஒரே வளையத்தில். என் கொத்தைத் தராசில் போட்டேன், 140 கிராம். மேடு பள்ளத்தில் அவ்வளவும் இக்னிஷன் சாவியின் வாலைப் பிடித்து ஆட்டுகிறது. நேற்று இரவே தனியாக எடுத்துவிட்டேன்.

இது வெறும் தேய்மானப் பிரச்சினை இல்லை. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இக்னிஷன் சுவிட்ச்சுக்காகத்தான். சாவியை அந்தந்த நிலையில் நிறுத்திவைக்கும் ஸ்பிரிங் வலுவில்லாமல் போனதால், கொத்தின் பாரமோ முழங்கால் இடியோ பட்டால் ஓடும்போதே சாவி நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், ஸ்டீயரிங் கனக்கும், ஏர்பேக் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். நம் வண்டியில் ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. ஆனாலும் பைபாஸில் லாரிக்கு முன்னால் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். திரும்பாத சாவியைவிட, தானாகத் திரும்பும் சாவிதான் ஆபத்து.

18 ஜூன்

திண்டுக்கல் போய் வந்தேன். நீளமாக எழுதுகிறேன்.

நாகல் நகரில் பூட்டு செய்யும் பெரியவர் ஒருவர், அறுபது வருஷத் தொழில். அவர் செய்வது லீவர் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திண்டுக்கல் பூட்டு. காரில் இருப்பது வேறு ஜாதி, இவருக்குப் பழக்கமிருக்குமோ என்ற சந்தேகத்தோடுதான் பேரலை நீட்டினேன். விரலால் ஒருமுறை தடவினார். என் மூன்று சாவிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எது தம்பி அசல்?" என்றார். மூன்றுமே அசல் இல்லை என்றேன். "அப்ப மூணையும் பையில போடுங்க. பூட்டுகிட்டயே கேட்டுக்குவோம்."

தகர டப்பாக்களில் நூற்றுக்கணக்கான பிளாங்குகள், அதாவது இன்னும் பல் வெட்டாத சாவிகள். சாவியின் பக்கக் காடி எங்கே, எவ்வளவு ஆழம் என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். மூன்றாவது டப்பாவில் ஒன்று கிடைத்தது. இரும்பு பிளாங்க் ஒன்றும் பொருந்தியது, அதை ஒதுக்கிவிட்டார். இரும்புச் சாவி தேயாது, அதற்குப் பதிலாகப் பூட்டைத் தின்னும் என்றார். எடுத்துக்கொண்டது பித்தளை.

வெட்டாத பிளாங்கை, கூட்டிலிருந்து கழற்றிய பேரலுக்குள் தள்ளினார். எல்லாத் தகடுகளும் ஒரு பக்கமாகத் துருத்தி நின்றன, மீன் செதிளைப் போல. விளக்குக் கரியில் பிளாங்கைக் காட்டிக் கறுப்பாக்கித் திரும்ப நுழைத்து எடுத்தார். தகடு தொட்ட இடமெல்லாம் பளிச்சென்று கோடு. அந்தக் கோட்டில் முக்கோண அரம், இரண்டே இழுப்பு. ஊதிவிட்டு உள்ளே போடுவார், கட்டைவிரலை மேலே ஓட்டுவார், வெளியே எடுப்பார், இன்னொரு இழுப்பு. தகடு ஒரு பக்கம் துருத்தினால் இன்னும் அராவ வேண்டும், மறுபக்கம் துருத்தினால் அதிகம் அராவியாகிவிட்டது, பிளாங்க் வீண். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் தாள் கனம்கூட இருக்காது. கண்ணால் அவர் பார்க்கவே இல்லை, எல்லாம் கட்டைவிரல்தான்.

நாற்பது நிமிஷம். கடைசியில் என் கையைப் பிடித்துப் பேரல் மேல் வைத்தார். வழவழவென்று ஒரே உருளை, தகடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒன்றைத் தவிர. வாயிலிருந்து இரண்டாவது தகட்டின் ஜன்னல் ஓரம் அரித்துப்போய், எந்த உயரத்திலும் நிலையாக நிற்க மாட்டேன் என்கிறது. "இது மட்டும் மாத்தணும். இதே மாதிரி பழைய பூட்டு கெடைச்சா ஒண்ணைப் புடுங்கிப் போடுங்க" என்றார்.

ஆக, நான் பூட்டுத் தேய்மானம் என்று நினைத்ததில் முக்கால்வாசி சாவித் தேய்மானம். தகடு ஒன்றே ஒன்று.

19 ஜூன்

எண்ணெய் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். என் பேரலிலிருந்து பெட்ரோலில் கழுவி எடுத்த சேற்றில் பாதி, அப்பா காலத்துத் தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசின்தான். பென்சில் கரி, கிராஃபைட் பொடி நல்லது.

19 ஜூன், சற்று நேரம் கழித்து

திருத்தம். கிராஃபைட் கதவுப் பூட்டுக்கு நல்லது. இக்னிஷனில் யோசித்துப் போடுங்கள். அது மின்சாரம் கடத்தும், பேரலுக்கு நேர் பின்னால் சுவிட்ச் முனைகள் இருக்கின்றன. தாராளமாக ஊதினால் பொடி பின்னால் போய் உட்காரும். சாவியில் பென்சிலைத் தேய்த்துப் பத்து முறை நுழைத்து எடுத்தால் போதும். உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெயையும் கிராஃபைட்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், இரண்டும் கலந்தால் களிம்பு.

25 ஜூன்

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நண்பர் ஒருவர் தேடிக் கொடுத்தார். எந்த வண்டியுடையது என்று தெரியாத பழைய சுவிட்ச், உள்ளே அதே அளவுத் தகடுகள். அவற்றில் ஜன்னல் உயரம் ஒத்துப்போகும் ஒன்றைப் பிடுங்கி மாட்டினேன். இந்த வேலையைப் பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் பைக்குள்தான் விழும். எனக்கு இரண்டு தெறித்தன, இரண்டும் கிடைத்தன.

சாவி வெண்ணெயில் போவதுபோலப் போகிறது. ஆனால் வண்டி முன்பு போலவே காலையில் இழுத்தடிக்கிறது. மீட்டரை வைத்தேன். சாவி ஆன், பிரவுன் முனையில் 12.5 வோல்ட், வெள்ளை முனையில் 11.1. 0.1, 0.2 வோல்ட் குறையலாம், 1.4 குறையக் கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே 10-க்கு இறங்கிவிடும், அதிலும் 1.4 போனால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு என்ன மிஞ்சும்?

பூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், அதன் முதுகை மறந்துபோனேன். சுவிட்ச்சின் பின்பக்கம் பேக்கலைட் தகடு, வெளிக்கூட்டின் உலோக நாக்குகளை மடித்து அதைப் பிடித்திருக்கிறார்கள். நாக்குகளை மெதுவாக நிமிர்த்துங்கள், ஒருமுறைக்கு மேல் மடித்தால் முறியும். உள்ளே செம்பு முனைகள் கருகிப்போய், நடுவே ஒரு சின்னக் குழி. மிக மெல்லிய உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, துடைத்து, நாக்குகளைத் திரும்ப மடித்தேன். வெள்ளை முனையில் இப்போது 12.4. காலையில் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

ஈரோட்டுத் தம்பி, உங்களுடையதிலும் பேரலைத் தொடும் முன் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

2 ஜூலை

ஈரோட்டுத் தம்பியின் பூட்டின் முகப்பைச் சுத்தம் செய்தால் ஒரு எண் தெரிகிறதாம். அப்படியானால் எனக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் அவருக்கு இருக்கிறது. ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை பிரிட்டிஷ் கார்களில் பரவலாக வந்த 'எஃப்எஸ்' வரிசையில் 876 முதல் 955 வரை, மொத்தம் 80 சாவிதான். பூட்டில் அந்த வரிசை எண் இருந்தால் பழைய சாவியே வேண்டாம், எண்ணைச் சொல்லிப் புதிதாக வெட்டிய சாவியை இங்கிலாந்திலிருந்து தபாலில் வாங்கலாம். என் பூட்டு முகத்தில் அந்த இடத்தைக் கொத்துச்சாவி உரசி வழித்துவிட்டது.

ஸ்டீயரிங் லாக் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கே எழுதியதை அப்படியே செய்யாதீர்கள். அதில் தேய்ந்த பூட்டு ஓடும்போது ஸ்டீயரிங்கையே பூட்டிவிடலாம். லாக் முளையும் பேரலும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள்.

16 ஜூலை

ஈரோட்டிலிருந்து படம் வந்திருக்கிறது. டாஷ்போர்டு துளை அப்படியே, பழைய பூட்டு அப்படியே, புதுச் சாவி ஒற்றை வளையத்தில் தொங்குகிறது. எலக்ட்ரீசியனே உட்கார்ந்து சுவிட்ச் முனைகளைத் தேய்த்துக் கொடுத்தாராம்.

நான் திண்டுக்கல் சாவியை வைத்து இன்னொரு பித்தளைச் சாவி வெட்டிக்கொண்டேன். ஓட்டுவது அந்த நகலை. பெரியவர் வெட்டியதை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு பல்லின் உயரத்தையும் வெர்னியரில் அளந்து பக்கத்தில் எழுதி, சாவியையும் தாளையும் ஒரே உறையில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். அந்தச் சாவி இனிமேல் பூட்டுக்குள் போகாது. அடுத்த நகல் எடுக்கும்போதுதான் வெளியே வரும்.